விடைத்தாளே விடையைத் தீர்மானித்தால்

இந்தக் கேள்விக்குக் கீழே உள்ள நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், அது சரியாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? ஏ) 25%, பி) 50%, சி) 60%, டி) 25%.

2011 வாக்கில் உலகெங்கும் சுற்றிவந்த புதிர் இது. நான்கில் ஒன்று என்றால் 25% என்று மனம் உடனே சொல்லும். ஆனால் 25% இரண்டு இடங்களில் இருக்கிறது. அதுதான் சரி என்றால், நான்கில் இரண்டு வட்டங்கள் சரி. வாய்ப்பு 50% ஆகிவிடும். சரி, 50% என்று வைத்துக்கொண்டால், அது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வாய்ப்பு திரும்பவும் 25%க்கு இறங்கும். 60% என்றாலும் அதே கதைதான், நான்கில் ஒன்று. எந்த விடையைத் தொட்டாலும் அது தன்னையே பொய்யாக்கிக்கொள்கிறது.

இதை வெறும் மண்டைக்குடைச்சலாக எண்ணி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான்கு வட்டங்களில் ஒன்றைக் கறுப்பாக்குவதில் வாழ்க்கையே திரும்பும் ஊர்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஏராளம். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது, 2023இலும் 97.85 சதவீதத்தோடு முதலில் நின்றது. தேர்ச்சி பெற்ற பிள்ளை அடுத்து எங்கே போவது? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கம் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும் கூப்பிட்ட குரலுக்கு நிற்கின்றன. பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் தம் பிள்ளை கால் வைக்கக் கூடாது என்று நினைக்கும் பெற்றோருக்கு முன்னால் இருக்கும் பெரிய கதவு அரசுத் தேர்வு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி, வீட்டில் பழைய வினாத்தாள், பிறகு டிஎன்பிஎஸ்சி குரூப் 4. 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரும் ஏதோ சில கேள்விகளுக்காவது குருட்டாம்போக்கில் வட்டம் நிரப்பியிருப்பார்கள். அப்படி நிரப்புவது என்றால் உண்மையில் என்ன என்பதைத்தான் அந்தப் புதிர் கேட்கிறது.

புதிருக்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களில் மிக எளிமையானது: விடை பூஜ்யம். நான்கு விடைகளும் தவறு. ஆகவே எதைத் தேர்ந்தாலும் சரியாகாது. ஆகவே வாய்ப்பு 0%. பூஜ்யம் பட்டியலில் இல்லை என்பதால் இங்கே முரண்பாடு எதுவும் இல்லை. கேள்வி கேட்டவர் சரியான விடையைப் பட்டியலில் வைக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். இந்தப் பதிலை நான் முழுதாக ஏற்கிறேன். முதலில் சொன்ன வடிவத்துக்கு இதுதான் விடை. அதை முரண்புதிர் என்று அழைப்பதே மிகை.

ஆனால் சி) 60% என்பதை அழித்துவிட்டு சி) 0% என்று எழுதிவிட்டால் நிலைமை தலைகீழ். இப்போது பூஜ்யமும் பட்டியலில் ஒரு வட்டம். அது சரி என்றால் அதைத் தொட நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, எனவே 25%, எனவே பூஜ்யம் தவறு. எல்லாமே தவறு என்றால் வாய்ப்பு பூஜ்யம். எனவே சி சரி. வெளியே போக வழியே இல்லை. உண்மையான முரண்புதிர் இதுதான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு சிறியது. ஒரு சதவீதம் சரியான விடையாக நிற்க வேண்டுமானால், அது பட்டியலில் எத்தனை முறை வருகிறதோ அந்த எண்ணிக்கையை நான்கால் வகுத்தால் அதே சதவீதம் திரும்ப வர வேண்டும். 25% ஒரே முறை, 50% இரண்டு முறை, 75% மூன்று முறை, 100% நான்கு முறை, 0% ஒரு முறையும் வராமல் இருக்க வேண்டும். கணிதத்தில் இதை நிலைப்புள்ளி என்பார்கள்: உள்ளே போட்ட எண் மாறாமல் வெளியே வருவது. 75, 75, 75, 0 என்று நான்கு விடைகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு விடைதான் நிற்கும், 75%. 25, 50, 50, 100 என்று கொடுத்தால் 25உம் நிற்கும், 50உம் நிற்கும், பட்டியலில் இல்லாத 0உம் நிற்கும். மூன்று விடைகளும் தம்மைத் தாமே சரி என்று சொல்லிக்கொள்கின்றன. எதைத் தேர்வது என்று சொல்ல வெளியே யாரும் இல்லை. முரண்பாட்டைவிட இந்த இரண்டாவது நோய்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. விடையே இல்லாத கேள்வியை எவரும் சந்தேகிப்பார்கள். தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் மூன்று விடைகளில் ஒன்றை மட்டும் பார்த்தவர் திருப்தியோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு வழக்கம் இங்கே உதவும். மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்குக் குறியீட்டை மட்டும் எழுதினால் போதாது, விடையையும் சேர்த்து எழுத வேண்டும். அதாவது எழுத்து வேறு, எழுத்துக்கு நேரே இருக்கும் பொருள் வேறு என்பதை நம் வினாத்தாள் ஒத்துக்கொள்கிறது. புதிரோ ஏ, டி என்ற இரண்டு குறியீடுகளுக்கு ஒரே பொருளைக் கொடுத்துவிட்டு, குறியீட்டைக் குருட்டாம்போக்கில் தேர்வு செய்யச் சொல்கிறது. பொருளைத் தேர்வு செய் என்று கேட்டிருந்தால்? 25, 50, 60 என்று மூன்றே பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒன்று, அதாவது 33 சதவீதத்துக்குச் சற்று மேல். அதுவும் பட்டியலில் இல்லை. எதை எண்ணுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் வாய்ப்பைக் கணக்கிட முடியாது என்பது பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தின் முதல் பக்கத்துச் சங்கதி. கூறுவெளி என்று மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, ‘கண்ணை மூடிக்கொண்டு’ என்பதே என்ன? தேர்வு எழுதுகிறவர்களிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, மனம் போனபடி ஆங்காங்கே நிரப்புவது. மற்றொன்று, தெரியாத எல்லாவற்றையும் ஒரே எழுத்தில், ‘பி’யிலேயே இறக்கிவிடுவது. பின்னதைக் குருட்டாம்போக்கு என்று சொல்லலாமா? சொல்லலாம், வினாத்தாள் தயாரித்தவர் சரியான விடையை நான்கு இடங்களிலும் சமமாகக் கலைத்துப் போட்டிருந்தால். அப்போது தற்செயல் தேர்வரிடம் இல்லை, விடைக்குறிப்பில் இருக்கிறது. ஆனால் மனிதர்கள் சமமாகக் கலைப்பதில்லை. யிகல் அட்டாலி, மாயா பார்-ஹில்லல் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது: சரியான விடையை நடு இடங்களில் ஒளித்துவைக்கும் சாய்வு வினா எழுதுகிறவர்களுக்கு உண்டு, ஊகிக்கும்போது நடு இடங்களையே நாடும் சாய்வு தேர்வர்களுக்கும் உண்டு. புதிரில் இந்தச் சாய்வு வேறு விளைவைத் தரும். ஒருவர் பி-யை 50%, சி-யை 25%, ஏ, டி இரண்டையும் தலா 12.5% வாய்ப்பில் தேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 50% என்ற விடையைத் தொடும் வாய்ப்பு 50%. 25% என்ற விடையைத் தொடும் வாய்ப்பு, ஏ-யும் டி-யும் சேர்ந்து, 25%. இரண்டுமே இப்போது நிலைத்து நிற்கின்றன! கேள்வி ஒரு எழுத்துகூட மாறவில்லை; தேர்கிறவரின் கை மாறியதும் விடை மாறிவிட்டது.

உண்மையான தேர்வில் இப்படி நடக்காது. ஏன் நடக்காது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். சிவகாசி அச்சகங்கள் ஒரு காலத்தில் லாட்டரிச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக அச்சிட்டன. 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடைசெய்தது. லாட்டரியில் முதலில் சீட்டு, பிறகு குலுக்கல்: விடை பின்னால் வருகிறது. தேர்வில் முதலில் விடைக்குறிப்பு, பிறகு நம் வட்டம்: விடை முன்னால் இருக்கிறது. இரண்டிலும் நம் கையிலிருக்கும் தாளுக்கு வெளியே விடை நிற்கிறது. புதிரில் மட்டும் விடைக்கென்று தனியாக ஓர் இடம் கிடையாது. நாம் எப்படித் தேர்கிறோமோ அதுதான் விடையைத் தீர்மானிக்கிறது; விடைதான் நாம் தேர்ந்தது சரியா என்பதைத் தீர்மானிக்கிறது.

நம் தர்க்க மரபில் இதற்கு ஆத்மாசிரயம் என்று பெயர்: ஒன்றை நிறுவ அதையே ஆதாரமாகக் கொள்ளும் குற்றம். இரண்டு ஒன்றையொன்று தாங்கினால் அந்நியோந்நியாசிரயம், மூன்று நான்காகச் சுற்றினால் சக்கரகம். 25-இலிருந்து 50க்கும் 50-இலிருந்து 25க்கும் ஓடுவது அந்நியோந்நியாசிரயத்துக்கு நெருங்கிய உறவு. ஐந்தாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் இலக்கண அறிஞர் பர்த்ருஹரி, தான் சொல்வதெல்லாம் பொய் என்கிறவனின் கூற்றை ‘வாக்கியபதீய’த்தில் எடுத்துக்கொண்டு, ஒரு கூற்று பேசும்போது தன்னையே தன் பொருளாக்கிக்கொள்வதில்லை என்ற வழியில் அதை அவிழ்த்தார். 1930களில் போலந்துக் கணித மேதை ஆல்ஃபிரட் டார்ஸ்கி அதற்கு இணையான ஒன்றைக் கறாராக நிறுவினார்: ஒரு மொழியில் உள்ள வாக்கியங்கள் மெய்யா பொய்யா என்று பேச, அதற்கு மேலே இன்னொரு மொழி வேண்டும். சால் கிரிப்கி 1975இல் அந்தக் கறாரைக் கொஞ்சம் தளர்த்தினார். தன்னைப் பற்றிப் பேசும் எல்லா வாக்கியமும் நோயுற்றதல்ல. எதைப் பற்றிப் பேசுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் எங்காவது தரை தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், தட்டாதவைதான் அந்தரத்தில் தொங்குகின்றன என்றார். தேர்வுக்குத் தரை, விடைக்குறிப்பு. கிரிப்கியின் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. காரணம் கீழே வரும்.

விடைக்குறிப்பு என்ற அந்தத் தரை நிஜ உலகில் எவ்வளவு உறுதியானது? 2024 நீட் தேர்வின் இயற்பியல் வினா ஒன்றில், பழைய பாடநூலைப் படித்தவர்களையும் கருத்தில் கொண்டு, இரண்டு விடைகளைத் தேசியத் தேர்வு முகமை சரி என்று ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லி ஐஐடி வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு, ஜூலையில் ஒரே விடைதான் சரி என்று முடிவானது. மற்ற விடையை எழுதியிருந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலா 5 மதிப்பெண் இழந்தார்கள்: பெற்றிருந்த 4 போயிற்று, மைனஸ் 1 சேர்ந்தது. நீட்டில் சரிக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1. கண்ணை மூடி நிரப்பினால் ஒரு கேள்விக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண் கிடைக்கும். நெகட்டிவ் மார்க் இருப்பதால் ஊகித்தால் நஷ்டம் என்ற பரவலான நம்பிக்கை தவறு. (யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் கழிப்பது மூன்றில் ஒரு பங்கு, அங்கே சராசரி சரியாகப் பூஜ்யம்.) இரண்டு விடைகள் சரி என்று இருந்தவரை அந்த ஒரு கேள்வியில் ஊகத்தின் மதிப்பு ஒன்றரை. நீதிமன்றத் தீர்ப்போடு அது காலாக இறங்கியது.

2018இல் நடந்தது இன்னும் கொடுமை. நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், தமிழில் எழுதியவர்களுக்கு வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூலையில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் நவம்பரில் அதை ரத்து செய்தது. 196 மிகை என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் மறுபக்கத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கேள்வியே பிழையாக இருந்தால் நன்றாகப் படித்தவரும் கண்ணை மூடி நிரப்புகிறவரும் ஒன்றுதான். 49 வினாக்களிலும் அப்படி ஊகித்தால் சராசரியாகக் கிடைப்பது 12 மதிப்பெண் சொச்சம். தமிழ்வழியில் படித்த சாத்தூர்ப் பிள்ளையின் இரண்டாண்டு உழைப்பை அந்த 49 வட்டங்களில் வெறும் தற்செயலாக மாற்றியது வினாத்தாள். அதற்கு ஈடு எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை.

தரை பெயர்ந்தே போன கதை பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வில் முதல் நூறு இடங்களில் ஏறக்குறைய நாற்பது பேர் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்களாக இருந்தார்கள். சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையால் வட்டங்களை நிரப்பி, பிறகு விடைத்தாள்கள் கொண்டுசெல்லப்பட்ட வழியில் சரியான விடைகளை நிரப்பியிருந்தது சிபிசிஐடி விசாரணையில் வெளியே வந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை. இங்கே விடைத்தாள் விடைக்குறிப்பைப் பார்த்து எழுதப்பட்டது.

அதற்குப் பிறகு தேர்வாணையம் கொண்டுவந்த மாற்றங்களில் இரண்டு நம் புதிருக்கு நேர் உறவு. ஒன்று, ஐந்தாவது வட்டம்: ‘இ’, விடை தெரியவில்லை. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக் கூடாது. இரண்டு, ஏ எத்தனை, பி எத்தனை, சி, டி, இ எத்தனை நிரப்பினாய் என்று எண்ணித் தாளிலேயே எழுத வேண்டும். கறுப்பு பால்பாயிண்ட் பேனாவோடு மூன்று மணி நேரம் போராடி முடித்த பிறகு, வரிசை வரிசையாக விரலை வைத்து எண்ணி, கூட்டினால் 200 வருகிறதா என்று பார்க்கும் அந்தக் கடைசி நிமிடங்களைத் தேர்வர்கள் பலர் வெறுக்கிறார்கள். நான் அதை மதிக்கிறேன். அது தன்னைப் பற்றித் தானே பேசும் தாள். ஒரு வட்டத்தை எவராவது பின்னால் நிரப்பினால் தாள் தன்னையே பொய் என்று காட்டிவிடும். கிரிப்கி சொன்ன நல்ல வகைத் தற்சுட்டு இது. அந்த எண்ணிக்கை தன்னைத் தாங்கத் தன்னையே தேடவில்லை. கண்ணெதிரே இருக்கும் கறுப்பு வட்டங்களில் தரை தட்டி நிற்கிறது.

ஐந்தாவது வட்டத்தைப் புதிருக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? 20, 40, 40, 20 என்ற பட்டியலை எடுங்கள். நான்கு வட்டங்களில் ஒவ்வோர் எண்ணும் இரண்டு முறை, எனவே 50%, இரண்டும் தோற்கும். ‘இ’யைச் சேர்த்ததும் ஐந்தில் இரண்டு, 40%, 40 நிமிர்ந்து நிற்கும். பட்டியலில் இல்லாத பூஜ்யமும் எப்போதும்போலக் கூடவே நிற்கும். இப்போது அந்தக் கொடிய வடிவத்துக்கு வருவோம்: 25, 50, 0, 25, இவற்றோடு விடை தெரியவில்லை. 25க்கு ஐந்தில் இரண்டு, 40%, தோல்வி. 50க்கும் 0க்கும் ஐந்தில் ஒன்று, 20%, தோல்வி. அப்படியானால் ‘இ’ சரியாக இருக்குமோ? இருந்தால், அதைத் தொடும் வாய்ப்பு 20%. ஆக விடை 20% என்று நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டால் ‘தெரியவில்லை’ பொய். ‘இ’யும் விழுந்தால் எதுவுமே சரியில்லை, வாய்ப்பு பூஜ்யம், சி சரி, திரும்பவும் முதலிலிருந்து. வாய்ப்பைப் பற்றிய முரண் இங்கே அறிவைப் பற்றிய முரணாகிவிடுகிறது. டேவிட் கேப்லனும் ரிச்சர்ட் மாண்டேகுவும் 1960இல் எடுத்துக்காட்டிய ‘அறிகிறவன் முரண்’ இதே குடும்பம்தான்: ஒன்று தெரியாது என்று உறுதியாக நிறுவிய மறுகணம் அது தெரிந்ததாகிவிடும்.

நிஜத் தாளில் ‘இ’ படும் பாடு வேறு. குரூப் 4இல் நெகட்டிவ் மார்க் கிடையாது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். ஊகித்தால் சராசரியாக 0.375. ‘இ’யை நிரப்பினால் சுத்தமாகப் பூஜ்யம். ஆகவே உண்மையைச் சொல்கிறவருக்கு நஷ்டம். பயிற்சி மையங்களில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, நேரம் போதாவிட்டால் ஒழிய ‘இ’ பக்கம் போகாதே என்பதுதான். முழுக்க ஊகித்து வேலைக்குப் போய்விட முடியாது என்பதும் மெய். 200 கேள்விகளையும் கண்ணை மூடி நிரப்பினால் சராசரி 50 சரி, அதாவது 75 மதிப்பெண். குறைந்தபட்சத் தகுதியான 90ஐத் தொட 60 சரி வேண்டும், அது நூறு பேரில் ஆறு பேருக்கு வாய்க்கும். முதல் பகுதியான தமிழில் 100 கேள்விக்கு 40 சரியாக வேண்டும். வெறும் ஊகத்தில் அதை எட்டுகிறவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. 18 லட்சம் பேரும் ஊகித்தாலும் அவர்களில் மிக அதிகம் பெற்றவர் 200க்கு 80ஐச் சுற்றித்தான் நிற்பார். ஆனால் கட்-ஆஃப் விளிம்பில் நிற்கிறவர்களுக்கு ஒரு கேள்வியே நூற்றுக்கணக்கான இடங்களை முன்பின் ஆக்கும். அங்கே தெரியாததைத் தெரியாது என்றவர் பின்தங்குகிறார்.

பட்டாசுத் தொழில் நடக்கும் மண்ணில் இது எனக்கு உறுத்துகிறது. கலவையில் ஈரம் பட்டு அலுமினியத் தூள் சூடேறுகிறதா, இந்த வெயிலில் இதைத் தொடலாமா, குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்துவிட்டதா என்ற கேள்விகளுக்கு மருந்து அறையில் ஊகம் கூடாது. “தெரியல, ஃபோர்மேனைக் கூப்பிடுங்க” என்பதுதான் அங்கே உயிரைக் காக்கும் விடை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த வட்டாரம் இது. தெரியவில்லை என்று சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு என்பதைப் பிள்ளைகள் எழுதும் தேர்வும் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எவ்வளவு மதிப்பு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ‘இ’க்கு 0.375 கொடுத்தால் ஊகிப்பதும் ஒப்புக்கொள்வதும் சராசரியில் சமம். நான்கில் ஒரு விடையையாவது கழித்துக்கட்டத் தெரிந்தவர் ஊகிப்பார், ஒன்றுமே தெரியாதவர் ‘இ’யை நிரப்புவார், இரண்டும் நேர்மையான முடிவுகள். 0.5 கொடுத்தால் ஆபத்து: 200க்கும் ‘இ’ நிரப்பியவர் 100 வாங்கி 90ஐத் தாண்டிவிடுவார். 0.375 என்றால் அவருக்கு 75தான். தமிழ்ப் பகுதியில் 37.5, வேண்டியதோ 60. இரண்டு வாசலிலும் அவர் நின்றுவிடுவார்; தகுதி எல்லையை ஒரு புள்ளிகூட நகர்த்த வேண்டியதில்லை.